சனிக்கிழமைக் காலைக் கதை

இன்று காலை மகளுடன் யூடியூபில் பழைய அமெரிக்கக் கார்ட்டூன் ஒன்றைப் பார்த்தேன். சாக்லேட்டை அளவில்லாமல் தின்ற பையனுக்கு உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும் கதை.

அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 1985-இல் தொடங்கிய 'சிபிஎஸ் ஸ்டோரிபிரேக்' தொடரில் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறுவர் புத்தகம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த வாரம் வேறு கதை, வேறு ஆட்கள். தொகுத்து வழங்கியவர் பாப் கீஷன். அதே சேனலில் 1955 முதல் 1984 வரை 'கேப்டன் கங்காரு' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அந்தக் கேப்டனாக வந்தவர். பொம்மை விற்கவே பல கார்ட்டூன்கள் எடுக்கப்பட்ட காலத்தில் புத்தகத்தை நம்பிக் கடை விரித்தார்களே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓவியம் என்னவோ சுமார்தான்.

மகள் கண்ணாடி முன் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் புள்ளி தேடுகிறாள். மற்றொரு கையில் சாக்லேட்.