சமூகத் தளத்தைப் புதுப்பிக்கிறீர்களா? ஈமோஜியைக் கவனியுங்கள்

எங்கள் தளத்தின் புது வடிவமைப்பு ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. 2010-இல் செய்திச் சுட்டிகளைப் பகிரும் டிக் (Digg) தளம் புதிய பதிப்பை விட்டதும் உறுப்பினர்கள் கூட்டம் கூட்டமாக ரெடிட்டுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், நிறம், எழுத்தளவு, பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். அதில் எதிலுமே பிரச்சினை வரவில்லை. தளத்தின் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸும் சட்டென்று புது சர்வருக்கு மாறியது, பழைய முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல்லை முன்கூட்டியே 300 விநாடிக்குக் குறைத்திருந்தோம். அடி விழுந்தது, பழைய சர்வரிலிருந்து பதிவுகளைக் கொண்டுவந்து சேர்த்த புது டேட்டாபேஸில்.

வெளியிட்ட அன்று இரவே ஒருவர் எழுதினார்: "அம்மா இறந்தபோது நான் எழுதியது இரண்டாம் வரியோடு நிற்கிறது, மீதி எங்கே?" பழைய தளத்தில் அதே பதிவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாம் வரியின் முடிவில் கைகூப்பும் ஈமோஜி ஒன்று. அதற்குக் கீழே அவர் எழுதியிருந்த அத்தனையும் புதியதில் காணோம். தேடிப் பார்த்தால் வேறு பதிவுகளிலும் இதே கதை, ஈமோஜி வந்த இடத்தில் வெட்டு.

டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்று இருக்கும் எழுத்துக் குறியீட்டு வகை ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும், ஈமோஜிக்கு 4 வேண்டும். அதனால் 4 பைட்டையும் ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 வகையில்தான் டேபிள்கள் வேண்டும் என்று ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதியே கொடுத்திருந்தோம். அவர்கள் பழைய வகையில் உருவாக்கியதோடு பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடையும் அணைத்து வைத்திருக்கிறார்கள். அது இருந்திருந்தால் இறக்குமதி அங்கேயே பிழை காட்டி நின்றிருக்கும், இப்படிச் சத்தமில்லாமல் மனிதர்கள் எழுதியதை வெட்டியிருக்காது. கேட்டால், பதிவுகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கோளாறு உங்கள் தரவில்தான் என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில், கீழே பெயர் மட்டும் வேறு. டேபிளின் அமைப்பை அப்படியே எடுத்து அனுப்பிய பிறகுதான் வாயை மூடிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குள் புதுத் தளத்தில் ஆட்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், எனவே பேக்கப்பை அப்படியே மேலே ஏற்ற வழியில்லை. பதிவு எண்ணை வைத்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, புதியது பழையதின் தொடக்கப் பகுதியாக மட்டும் இருந்தால் முழுசையும் நிரப்பும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். அது வேலை செய்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே! நடுவில் உறுப்பினர்களே கைவைத்துத் திருத்தியவை மட்டும் தனியாக நின்றன, அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சரிசெய்கிறோம்.

நீங்கள் மாற்றும்போது எத்தனை பதிவு வந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள், மொத்த எழுத்துகளின் நீளத்தையும் இருபக்கமும் கூட்டிப் பாருங்கள். பழைய சர்வரை உடனே மூடச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள், எங்களைக் காப்பாற்றியது அதுதான். அப்புறம் தேடுபொறிகள் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு சோதனைத் தளத்திலிருந்து கூடவே வந்து கூகுளை வெளியே நிறுத்திவிடும், அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய சுட்டிகளுக்கு, புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 போட்டுக் குறைந்தது ஒரு வருடமாவது விட்டுவையுங்கள்.