பன்னிரண்டு தட்டுகளில் ஓர் அலெக்சாந்தர் படை

சின்னப் போர்வீரர் உருவங்களைப் பலகையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்காக, முழுக்க முழுக்கக் குதிரையாக ஒரு படை கட்டி, யானைகளுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. அழகாக ஓடியது. பலகையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு தட்டு (உருவங்களை ஒட்டிவைக்கிற சின்ன அடித்தட்டு) போய் ஆட்டமும் முடிந்தது. அதைக் கலைத்துப் போட்டு மறுபடி கட்டிய படையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

விளையாட்டு டி.பி.ஏ. முழுப்பெயர் டி பெல்லிஸ் அன்டிக்விட்டாட்டிஸ். ஃபில் பார்க்கர் 1990இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த விதிகள். ஒரு பக்கத்துக்கு 12 தட்டுதான். 15 மில்லிமீட்டர் உருவங்கள் என்றால் ஒவ்வொரு தட்டும் 40 மில்லிமீட்டர் அகலம். பலகை இரண்டடிக்கு இரண்டடி. லயத்து வீட்டு முன்னறையில் ஸ்டூல் மேல் வைத்தே விளையாடலாம். நூறு இருநூறு உருவங்கள் கேட்கிற பெரிய விளையாட்டுகள் பக்கம் நான் போகாததற்குக் காரணம் காசு. இடம் அதற்கு அடுத்த பிரச்சினை.

எதிரில் ஆடுபவர் கொட்டகலையில் இருக்கிற சேர் ஒருவர். வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர், போரஸ் மன்னனின் யானைப் படை வைத்திருக்கிறார். ஆகவே எனக்கு அலெக்சாந்தர். இருவரும் மோதியது கி.மு. 326இல், ஜீலம் ஆற்றங்கரையில்.

முதலில் கட்டிய படையில் வில்லேந்திய இலகு குதிரை ஆறு தட்டு, சாதாரணக் குதிரை நாலு, கனரகக் குதிரை இரண்டு. வேகமான படை வேண்டும் என்றால் வேகமானதையே அள்ளிப்போடு என்கிற கணக்கு. காகிதத்தில் பிழையே இல்லை: இலகு குதிரை ஒரு முறையில் நாலு தட்டகலம் போகும், மற்றக் குதிரைகள் மூன்று, நீள ஈட்டிக்காரன் இரண்டுதான். எதிரிக்கு அருகில் இல்லாதவரை இலகு குதிரை கூடுதல் புள்ளி கொடுத்தால் அதே முறையில் இன்னொரு தடவையும் ஓடும்.

விஷயம் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு டைஸ் உருட்டுகிறோம். விழுகிற எண்ணிக்கைதான் அந்த முறைக்கான கட்டளைப் புள்ளி. தனித்தட்டு ஒன்றை நகர்த்த ஒரு புள்ளி; ஒட்டி நிற்கிற ஆறு தட்டுகளைச் சேர்த்து நேராக நகர்த்தவும் ஒரே புள்ளி. ஒன்றோ இரண்டோ விழுவது மூன்றில் ஒரு தடவை நடக்கும். அந்த நேரத்தில் ஐந்து இடத்தில் சிதறி நிற்கிற குதிரைப் படையில் மிஞ்சிப்போனால் இரண்டு கூட்டம் ஓடும், மற்றவை புல் மேயும். சேர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நாலு கால் இருந்து என்ன, போகச் சொல்ல ஆள் இல்லையே?" என்றார். அவருடைய யானையும் வில்லாளிகளும் ஒரே வரிசை. ஒரு புள்ளி செலவழித்து முழு வரிசையையும் அசைத்துவிட்டு மிச்சத்தைக் கையில் வைத்திருப்பார்.

ஆக, இந்த விளையாட்டில் படையின் வேகத்தை அளக்கவேண்டியது தட்டகலத்தால் இல்லை. குறைந்த டைஸ் விழுந்தாலும் எத்தனை கூட்டம் வேலை செய்யும் என்பதுதான் அளவு. கட்டளையே கேட்காமல் நின்ற இடத்தில் நின்று பயன்தரும் ஒரு பகுதி இருந்தால், இருக்கிற புள்ளி எல்லாம் குதிரைக்குப் போகும். மெதுவான காலாட்களைச் சேர்த்ததால் என் படை வேகமாகிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நடந்தது.

வரலாற்றிலும் இதையே பார்க்கலாம். அலெக்சாந்தர் தன் தளபதி கிராட்டெரஸைப் பெரும் படையோடு பழைய கரையிலேயே, போரஸின் கண்ணுக்கு முன்னால் விட்டுவிட்டு, இரவில் மழைக்குள்ளே ஆற்றின் போக்குக்கு எதிராக மேலே போய் ஆற்றைக் கடந்தான். சண்டை தொடங்கியதும் குதிரை வில்லாளிகளை இந்தியர்களின் இடது பக்கத்துக்கு அனுப்பினான். இன்னொரு தளபதி கொய்னஸ் தன் குதிரைகளோடு சுற்றிப் பின்னால் வந்தான். யானைகளோடு மல்லுக்கட்டியது பெரும்பாலும் காலாட்கள்தான். அக்ரியானிய ஈட்டி எறிபவர்கள் பாகன்களைக் குறிவைத்தார்கள். கனரகக் குதிரையை யானைக்கு நேரே விடவில்லை. புத்திசாலி.

இப்போதைய பட்டியல் இது: தளபதியோடு கனரகக் குதிரை இரண்டு, சாதாரணக் குதிரை ஒன்று, இலகு குதிரை மூன்று, நீள ஈட்டி நாலு, அக்ரியானியர் இரண்டு. விதிப்புத்தகத்தின் அதிகாரப்பூர்வ மசிடோனியப் பட்டியலோடு இதை ஒப்பிட்டுச் சண்டைக்கு வராதீர்கள், சேரும் நானும் பேசி ஒத்துக்கொண்டது.

ஈட்டித் தட்டு நாலையும் இரண்டுக்கு இரண்டாக, ஒன்றின் பின் ஒன்றாக அடுக்குகிறேன். பின் வரிசை முன் வரிசைக்கு மூன்று புள்ளி பலம் கூட்டும். அதை யானைக்கு நேரே தள்ளுவதில்லை, சேரின் காலாட்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டு மறந்துவிடுவேன். யானைக்கு அக்ரியானியர். மற்றவர்களிடம் தோற்றால் பெரும்பாலும் பின்வாங்குகிற யானை, இவர்களிடம் தோற்றால் பலகையை விட்டே போய்விடும். கனரகக் குதிரை யானையிடம் தோற்றாலும் அதே கதி என்பதால் தளபதியை வலது ஓரத்தில், யானைக்குக் கண்காணாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

இனி கைவேலை. மொத்தம் 35 உருவங்கள், அதில் 15 குதிரை. கொழும்பில் தெரிந்த ஒருவர் ரெசின் 3டி பிரின்டரில் அடித்து அனுப்பினார். உருவங்கள் நன்றாக வந்தன. நீள ஈட்டிகள் எல்லாம் பார்சலுக்குள்ளேயே ஒடிந்து கிடந்தன. ஒரு விதத்தில் நல்லதாயிற்று. சரிசா எனப்படும் அந்த ஈட்டி நிஜத்தில் ஐந்து, ஆறு மீட்டர் நீளம். இந்த அளவுக்குச் சுருக்கினால் ஐந்து சென்டிமீட்டர் வரும். அவ்வளவு மெல்லிய ரெசின் விரல் பட்டாலே போய்விடும். தும்புத்தடியின் கெட்டியான நைலோன் நாரை வெட்டிப் போட்டேன். வளையும், ஒடியாது. உருவத்தின் கையில் ஊசியால் துளை போட்டு சுப்பர் குளூவில் செருகவேண்டும், வெறுமனே ஒட்டினால் நிற்காது. நாரில் பெயின்ட் பிடிக்க முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவேண்டும். இந்தப் பதினாறு ஈட்டிக்குப் போன நேரத்தில் குதிரைகள் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம்.

பெயின்ட் பற்றி மலைநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தென்மேல் பருவ மழைக்காலத்தில் ஹட்டனில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றில் இருக்கிற ஈரம் சேர்ந்து மேலே வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும், கறுப்புக் குதிரையில் அது இன்னும் நன்றாகத் தெரியும். தண்ணீரில் கலக்கிற மெட் வார்னிஷைத் தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசினேன். காய்வதற்கு அடுப்படிப் பலகைதான் இடம். அம்மாவின் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அலெக்சாந்தர் இருந்தான்.

தட்டின் மேல் மண்ணுக்கு, தேத்தண்ணி ஊற்றி மிச்சமான சாயச் சக்கை. இங்கே அதற்குப் பஞ்சமா? சல்லடையில் சலித்து, மிக நுண்ணிய தூளை மட்டும் அடுப்புச் சட்டியில் நன்றாக வறட்டி எடுக்கவேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மரப்பசை பூசித் தூவி, காய்ந்ததும் தண்ணீர் கலந்த பசையை இன்னொரு தடவை சொட்டவிட்டால் கெட்டியாகிவிடும். நிறம் அப்படியே ஆற்றங்கரைச் சேற்று நிறம், பெயின்ட் தேவையில்லை. குன்றுகள் ரெஜிஃபோமில் வெட்டியவை. தேயிலை மலை மாதிரி வரிசை வரிசையாகப் பச்சை ஒட்டிவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். ஜீலம் ஓடுகிற பஞ்சாபில் தேயிலைத் தோட்டம் எங்கே?

புதிய படையோடு ஆடியபோது டைஸில் ஒன்று விழுந்த முறைகளிலும் எனக்குச் செய்ய ஏதாவது இருந்தது. ஈட்டி நின்றது, அந்த ஒரு புள்ளியில் இலகு குதிரைகள் மூன்றும் ஒரே கூட்டமாக இடது ஓரத்தில் சுற்றின. சேர் அவற்றைத் தடுக்க இரண்டு தட்டுகளைத் திருப்பவேண்டியதாயிற்று; வரிசை உடைந்ததும் அவருக்குத்தான் புள்ளி போதவில்லை. அவருடைய யானை ஒன்று அக்ரியானியரிடம் போனது. என் சாதாரணக் குதிரைத் தட்டு எதற்கும் உதவாமல் நடுவில் நின்று செத்தது. வென்றாலும் அது உறுத்துகிறது.

சேர் இப்போது தேரை எடுத்துவிட்டு இன்னொரு யானை வைக்கப்போகிறாராம். ஜீலம் கரையில் சேற்றில் சிக்கிய தேர்கள்தானே, அவருக்கு அதில் வருத்தம் இல்லை. அப்படியானால் எனக்கு மூன்றாவது அக்ரியானியத் தட்டு வேண்டும். ஈட்டியில் ஒன்றை எடுத்தால் இரட்டை வரிசை கெடும், இலகு குதிரையில் எடுத்தால் அந்த ஓரம் பலவீனமாகும். சாதாரணக் குதிரைக்குத்தான் ஆபத்து. இரண்டு உருவம் கொழும்புக்குச் சொல்லியாயிற்று, இந்தத் தடவை கையில் துளையோடு அடிக்கச் சொல்லி.