ஆசிரியரின் கவனமும் மாணவரின் நடத்தையும்

ஒரு நடத்தையை மீண்டும் நிகழத் தூண்டும் வலுவூட்டல் என்றதும் நட்சத்திர ஒட்டிகளும் மிட்டாயும் பரிசும்தான் பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வகுப்பறையில் நாள் முழுவதும் வழங்கப்படும் வலுவூட்டி ஆசிரியரின் கவனமே. அதைப் பெரும்பாலும் நாம் குறும்புக்கே செலவிடுகிறோம் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் விளக்கப்படி, ஒரு நடத்தையைத் தொடர்ந்து வரும் விளைவு அந்நடத்தை மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுமானால் அதுவே வலுவூட்டல். கொடுப்பவரின் நோக்கம் இங்கே கணக்கில் வராது. பென்சிலால் மேசையைத் தட்டும் மாணவனைப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பெயர் சொல்லி அதட்டுகிறோம், வகுப்பே அவனைத் திரும்பிப் பார்க்கிறது, அவனும் சற்று நேரம் அடங்கியிருந்துவிட்டு முன்னைவிட அடிக்கடி தட்டத் தொடங்குகிறான் என்றால், நாம் தண்டனை என்று எண்ணியது அவனுக்கு வெகுமதியாகியிருக்கிறது. 1968-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆசிரியர்கள் "உட்கார்" என்று அதிகமாகச் சொல்லச் சொல்ல, இருக்கையை விட்டு எழும் குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடியது. ஒழுங்காக அமர்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டியபோதுதான் அது குறைந்தது.

கணக்கைக் கண்டு அஞ்சும் மாணவனை வகுப்புக்கு வெளியே அனுப்புவதும் இத்தகையதே. கணக்கிலிருந்து தப்பிக்கும் வழியை அவன் கற்றுக்கொள்கிறான். வகுப்பு அமைதியாகிவிடுவதால், வெளியே அனுப்பும் பழக்கம் ஆசிரியரிடமும் வலுப்பெறுகிறது.

பாராட்டு உடனுக்குடன் வர வேண்டும், எதற்காக என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் "நன்று" என்பதைவிட, "விடை தெரிந்திருந்தும் கையை உயர்த்திக் காத்திருந்தாய், மகிழ்ச்சி" என்பது பயன் தரும். பத்து நிமிடம் நிலையாக அமர இயலாத குழந்தையை, முதலில் இரண்டு நிமிடம் அமர்ந்ததற்கே பாராட்டி, எதிர்பார்ப்பைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், பழக்கம் ஊன்றிய பின் அவ்வப்போதும் பாராட்டினால் போதும்.

பொருளாகத் தரும் பரிசில் எனக்குத் தயக்கம் உண்டு. உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பின்னர் தாமாக வரைவதில் முன்பைவிடக் குறைந்த ஆர்வமே காட்டினர்.

நல்ல நடத்தையைப் பாராட்டுவதோடு, தொல்லையைக் கவனிக்காமல் புறக்கணிக்கத் தொடங்கியதும் அது சில நாள் கூடுவது இயல்பு. பிறரைத் துன்புறுத்தும் செயலானால் உடனே தடுத்தே ஆக வேண்டும். வெறும் மேசைத் தட்டலானால் பொறுக்க வேண்டும். அந்தச் சில நாளில் மனம் தளர்ந்து அதட்டிவிட்டால், இன்னும் பலமாகத் தட்டினால்தான் ஆசிரியர் திரும்புவார் என்பதையே அவனுக்குக் கற்பித்தவர்களாகிறோம்.