புண் ஆறுவதற்குள் காட்டிவிடுங்கள்

எனக்கு முதலில் வந்தது காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறிக்கட்டும். அப்புறம் சிறுநீர் போகும்போது உயிர் போகிற எரிச்சல், பிறப்புறுப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஊரிலிருக்கும் அக்காவிடம் சொன்னேன். "உடம்புச் சூடுடி, வெந்தயம் ஊறவச்சுக் குடி" என்றாள். சூட்டுக்குக் காய்ச்சல் வருமா என்ற சந்தேகத்தில்தான் கிளம்பினேன்.

சிங்கப்பூரில் பாலியல் தொற்றுகளுக்கென்றே தேசியத் தோல் மருத்துவ நிலையம் நடத்தும் டிஎஸ்சி கிளினிக் கிளந்தான் லேனில் இருக்கிறது. தேக்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு நிறையவே இருந்தது. உள்ளே போனால் வயதானவர்கள், இளைஞர்கள், ஜோடியாக வந்தவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம் என்றார் டாக்டர். "ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும்தானே?" என்று அவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கியதுதான் எனக்கு மிகவும் உதவியது. கொப்புளமோ புண்ணோ இருக்கும்போது அதிலிருந்தே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வதுதான் நம்பகமானது. புண் காயக் காய வைரஸ் சிக்காமல் போகலாம். ரத்தச் சோதனை தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிரணுக்களை. அவை உருவாகப் பல வாரங்கள் ஆகும் என்பதால் புதிய தொற்றில் 'இல்லை' என்றே வரலாம். குறைந்த அளவில் 'உண்டு' என்று வந்தால் அது தவறாகவும் இருக்கலாம். எப்போது தொற்றியது, யாரிடமிருந்து என்பதையும் அது சொல்லாது. அறிகுறி இல்லாதவர்கள் சும்மா எடுத்துப் பார்க்க வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

மாதிரி எடுக்கும்போது சில நொடிகள் வலித்தது. முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே வைரஸைக் கட்டுப்படுத்தும் அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார்கள். எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவை இல்லை என்று வந்தது.

ஹெர்பீஸ் உறுதியானது, வகை 1. வாயோரத்தில் கொப்புளம் போடுகிற அதே வைரஸ். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே காய்ச்சல் வந்தால் உதட்டில் கொப்புளம் வரும். வாய்வழி உறவில் அது பிறப்புறுப்புக்குத் தொற்றும், உதட்டில் புண் தெரியாத நாளிலும்கூட. இது மட்டும் தெரியாமல் வீட்டுக்குப் போயிருந்தால் அன்று இரவு எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஹெர்பீஸ் என்றதும் துரோகம் என்று முடிவு கட்டாதீர்கள். பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருந்துவிட்டு முதல் தடவையாக வெளிப்படுவதும் உண்டு.

"ஏங்க, உங்க உதட்டுப் புண்ணுதான் இது" என்று அவரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னோடு அடுத்த சந்திப்புக்கு வந்தார்.

வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும், முழுதாகப் போகாது. ஆனால் பிறப்புறுப்பில் வகை 1 மறுபடி வருவது வகை 2ஐவிடக் குறைவு. அடிக்கடி வந்தால் தினமும் மாத்திரை எடுக்கலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. புண் இருக்கும் நாட்களில் உறவே வேண்டாம். கழிப்பறை இருக்கையில் தொற்றாது என்று டாக்டர் சொன்னபோது வீட்டிலிருக்கும் மாமியாரை நினைத்து நிம்மதியானேன்.

குழந்தை பெறலாமா என்பதுதான் என் கடைசிக் கேள்வி. தாராளமாகப் பெறலாம் என்றார் டாக்டர். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றுவதுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. எனக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கும். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடச் சொன்னார், சொல்லிவிட்டேன்.