போடிமெட்டு ஏறும்போது திணறிய வண்டியை நானே டியூன் செய்த கதை

போடியில் கிண்ணென்று ஓடும் வண்டி, போடிமெட்டு மலைப்பாதை ஏறினால் திணறும். இரண்டு வருடமாக இதுதான் என் பாடு.

100 சிசி நாலு ஸ்ட்ரோக் வண்டி, 2011-ல் வாங்கியது. நான் மெட்டுக்கு அப்பால் பூப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். திங்கள் விடியற்காலை ஏறினால் சனி சாயந்திரம்தான் இறங்குவேன். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியதுமே வண்டியின் சத்தம் மாறிவிடும். ஆக்சிலேட்டரைப் பாதி திருகினால் தொண்டை அடைத்த மாதிரி பொதபொதவென்று இழுக்கும். வளைவில் கையைத் தளர்த்தினால் அணைந்துவிடும். பின்னாலேயே வேலையாட்களை ஏற்றிய தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக வரும் நேரம் அது. ஒவ்வொரு முறையும் உயிர் போய்த் திரும்பும்.

கீழே இரண்டு மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினேன். கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவார்கள், ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் திருகாதபோது ஓடும் ஓட்டம்) அழகாக நிற்கும், அடுத்த திங்கள் பழைய கதைதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போடி சுமார் 350 மீட்டர் உயரம், மெட்டு 1300 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போகும். ஆனால் அதே மாடல் வண்டிகள் அதே ரோட்டில் சும்மா ஏறிப் போகின்றனவே! அப்படியானால் உயரம் மட்டும் காரணமில்லை.

ஒருநாள் மெட்டு செக்போஸ்ட் பக்கம் வண்டி நின்றபோது, ஜீப் ஓட்டும் போடிக்கார அண்ணன் ஒருவர் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தார். அடுப்புக்கரி மாதிரி காய்ந்த கரி.

"தம்பி, பெட்ரோல் கூடுதலாப் போகுது. எல்லாரும் வெளியே இருக்கிற ஸ்க்ரூவையே திருகிட்டு இருந்தா எப்படி? உள்ளே ஊசி எந்த பள்ளத்துல நிக்குதுன்னு பாரு."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாமல் குவார்ட்டர்ஸிலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டி ஓடுகிற இடத்தின் காற்றிலேயே டியூன் செய்ய வேண்டும் என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது.

முதலில் ஏர் ஃபில்டர். மழைக்கால ஈரமும் தூசியும் சேர்ந்து களிமண்ணாக இருந்தது. புதிது போட்டேன். அப்புறம் பெட்ரோல் குழாயை மூடி, கார்ப்பரேட்டரைக் கழற்றும் முன் ஐடிலிங்கின் காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை உள்பக்கமாக மெதுவாக மூடிக்கொண்டே சுற்றை எண்ணினேன். இதைத் தவற விடாதீர்கள், பழைய நிலை என்ன என்று பிறகு தெரியாது. உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், இறுக்கினால் அதன் முனை நசுங்கிவிடும். நாலு சுற்று வந்தது! பொதுவாக ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் இருக்க வேண்டியது. நாலு என்றால் உள்ளே எதையோ ஈடுகட்ட யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் துருத்தூளும் இரண்டு சொட்டுத் தண்ணீரும். ஜெட் என்பது பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு. மெயின் ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தேன், வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டில் பாதிதான் தெரிந்தது. அங்கேதான் விஷயம். தையல் ஊசியைப் போட்டு நோண்டாதீர்கள், பித்தளை ஜெட்டின் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கணக்கு கெட்டுப்போகும். கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவைத்து, பூப்பாறை பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடித்தேன். மூன்றாவது தடவையில் முழு வட்டமும் தெரிந்தது.

பிறகு, ஆக்சிலேட்டரைத் திருகத் திருக மேலே எழுந்து பெட்ரோலுக்கு வழிவிடும் ஊசி. அதன் தலைப்பக்கம் ஐந்து பள்ளங்கள், கிளிப் நடுப்பள்ளத்தில் இருக்க வேண்டும். என் வண்டியில் மேலிருந்து நாலாவதில் இருந்தது. கிளிப் கீழே போனால் ஊசி உயர்ந்து நிற்கும், பெட்ரோல் கூடுதலாக ஏறும். இப்போது எல்லாம் கோர்வையாகப் புரிந்தது. ஸ்லோ ஜெட் அடைத்ததால் வண்டி ஐடிலிங்கில் பட்டினி கிடந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட ஸ்க்ரூவையும் ஊசியையும் திறந்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டர் பாதியில் இருக்கும்போது வயிறு முட்டப் பெட்ரோல். மலை ஏறும்போது கை பெரும்பாலும் அந்தப் பாதியில்தானே இருக்கும்! கிளிப்பை நடுப்பள்ளத்துக்கு மாற்றினேன்.

திரும்ப மாட்டும்போது, ஊசியைத் தாங்கி மேலும் கீழும் நகரும் ஸ்லைடின் பள்ளம் ஐடிலிங் ஸ்க்ரூ பக்கம் உட்கார வேண்டும். மாட்டிய பின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். சத்தம் ஏறினால் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தம், அதோடு டியூன் செய்வது வீண்.

மிக்சர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றில் வைத்து, பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கினேன். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, மிக்சரைக் கால் சுற்று திருகி, கேட்டு, மறுபடி கால் சுற்று. இங்கே ஒரு மணி நேரம் வீணானது. வெளியே திருகினால் பெட்ரோல் குறையும் என்று படித்திருந்தேன், அப்படிச் செய்யச் செய்யப் புகை கூடிக்கொண்டே போனது. பிறகுதான் ஸ்க்ரூ இருக்கும் இடத்தைக் கவனித்தேன். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, திறந்தால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் திறக்கத் திறக்கப் பெட்ரோல் கூடும். என்னுடையது இன்ஜின் பக்கம்.

உள்ளே திருகிக்கொண்டே வந்தேன். ஒன்றரைக்கு அருகில் சத்தம் தானாக உயர்ந்து, சீராக நின்றது. இன்னும் உள்ளே போனால் தள்ளாடியது. சீராக நின்ற இடத்திலேயே விட்டு ஐடிலிங்கை இறக்கினேன். கையேட்டில் 1400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 1400 சுற்று. வண்டியில் அதைக் காட்டும் மீட்டர் கிடையாது, காதை நம்பித்தான் வைத்தேன். ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகி விட்டபோது இருமாமல் ஏறி, அணையாமல் இறங்கியது. அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாளே மெட்டு வரை போய், திரும்பி வந்து பார்த்தேன். ஒரு இடத்திலும் அடைக்கவில்லை. முன்பு லிட்டருக்கு 46 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, டேங்க் நிரப்பி அளந்ததில் 58 கொடுத்தது.

ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது. மேலே சரியாக வைத்தது கீழே வந்தால் காற்று கூடிப் பெட்ரோல் குறைவாகிவிடும், இன்ஜின் சூடேறும். சனிக்கிழமை போடி வந்ததும் ப்ளக்கைக் கழற்றினேன். பிஸ்கட் நிறம், அது நல்லதுதான்; நுனியில் லேசான வெளுப்பு, பெட்ரோல் கொஞ்சம் குறைகிறது என்று அர்த்தம். கால் சுற்று திறந்துவிட்டேன். அடுத்த திங்களும் வண்டி மேலே திணறவில்லை. ஒன்றே முக்கால் சுற்று, கிளிப் மூன்றாவது பள்ளம் என்று சைடு கவரின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.