வாவாவில் பாதை திறந்திருக்கிறதா?

கோண்டாவில் சந்தித் தேநீர்க் கடையில் மார்கழியும் தையும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "கனடாவில் மைனஸ் முப்பதாமே, மகன் எப்படிச் சமாளிக்கிறார்?" முன்பெல்லாம் "ஓம், பொல்லாத குளிர்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்து வந்துவிடுவேன். இப்போது "எந்தக் கனடாவில்?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஓய்வுபெற்ற பஸ் சாரதிக்கு இத்தனை திமிரா என்று சிலர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

மகன் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரம்டனிலிருந்து வினிபெக்குக்கு லொறி ஓட்டுகிறான். ஒரு வழிக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர். பாதை திறந்திருந்த காலங்களில் நான் ஓட்டிய யாழ்ப்பாணம் – கொழும்பு வழியை ஐந்து தடவைக்கு மேல் ஒட்டவைத்தால்தான் அந்த நீளம் வரும். அத்தனை தூரம் ஓடியும் அவன் காண்பது இரண்டே மாகாணங்கள். அந்த நாட்டில் நேர வலயங்கள் மட்டும் ஆறு இருக்கின்றன. அதற்குப் போய் ஒரே குளிரைக் கேட்டால் நான் என்ன சொல்வது?

போன வாரம் ஒருநாள் காலை நான் பார்த்ததைச் சொல்கிறேன். வான்கூவரில் 6 பாகை, எங்கள் கார்த்திகையைப் போல விடாத மழை. வினிபெக்கில் மைனஸ் 25. மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றும் சேர்ந்ததால் உடம்புக்கு மைனஸ் 39. அந்த நிலையில் மூடாத தோல் அரை மணித்தியாலத்துக்குள் உறைந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கல்கரியில், முந்தாநாள் மைனஸ் 20 ஆக இருந்தது, 8 பாகைக்கு ஏறியிருந்தது. சினூக் என்ற காற்று செய்கிற வேலை அது. ரொக்கி மலையில் ஏறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்டு சூடாகி இறங்கும். மட்டக்களப்பில் கச்சான் என்பார்களே, மலைநாட்டைத் தாண்டி வந்து வாட்டி எடுக்கும் காற்று, அதே இனம். (கடலை அல்ல. இந்த விளக்கத்தை இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர்.)

மகன் முதல் தடவை வினிபெக்கிலிருந்து அனுப்பிய படத்தில், நிறுத்திவைத்த கார்களின் முகப்பிலிருந்தெல்லாம் வயர் தொங்கியது. அத்தனையும் மின்சாரக் கார்கள் என்று நினைத்துவிட்டேன். இரவில் இயந்திரம் உறைந்துபோகாமல் சூடேற்றி வைப்பதற்கான வயராம். அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. வானிலைப் படம் பார்க்கத் தொடங்கியதும் அன்றுதான்.

உலகெங்கும் வானிலைக்காரர்கள் நாளுக்கு இரண்டு தடவை, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பலூன் விடுகிறார்கள். கிரீன்விச்சின் நள்ளிரவும் நண்பகலும் அவர்களுடைய கணக்கு. எங்களுக்கு அது காலை 5.30, மாலை 5.30. அந்த அளவுகள் கணினிக்குள் போய்ப் புதிய கணிப்பாக வெளிவரச் சில மணித்தியாலங்கள் ஆகும். ஆகவே எழுந்த கையோடு தொலைபேசியில் பார்ப்பது பழஞ்சோறு. பத்து மணியளவில் வருவதுதான் புதுச் சோறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுதும் போனது.

அதைவிடப் பெரிய பாடத்துக்கு விலை கொடுத்தவன் மகன். மூன்று வருடங்களுக்கு முன், ஆறு நாள் கழித்து, அவன் போகும் வழியில் இருக்கும் தண்டர் பேயில் 30 சென்ரிமீற்றர் பனி கொட்டும் என்று தொலைபேசி காட்டியது. போகாதே என்று ஒற்றைக்காலில் நின்றேன். பயணத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தான். அந்த வியாழக்கிழமை தண்டர் பேயில் நல்ல வெயில். புயல் தெற்கே நழுவி மிச்சிகனுக்குப் போய்விட்டது. "பரவாயில்லை அப்பா" என்றான் மகன். மருமகள் இரண்டு கிழமை என்னோடு எல்லாம் கதைத்தாள், வானிலையைத் தவிர.

பிறகு யோசித்தால் காரணம் புரிகிறது. அந்தப் புயல்களில் பல பசிபிக் கடலிலிருந்து புறப்படுபவை. கடலுக்கு நடுவில் நின்று பலூன் விட ஆட்கள் குறைவு. புயல் கரையேறிய பிறகுதான் நிலத்து நிலையங்களின் கையில் அகப்படும். அதுவரை சொல்வதெல்லாம் சாத்திரியார் பலன் சொல்வதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆகவே 48 மணித்தியாலத்துக்கு அப்பால் நான் வாய் திறப்பதில்லை.

அந்த 48 மணித்தியாலத்துக்குள் முதலில் பார்ப்பது புயலின் பிறப்பிடத்தை. அல்பேர்டா கிளிப்பர் என்றால் அவசரக்காரன். மலையடிவாரத்தில் பிறந்து ஒரு நாளில் சமவெளியைக் கடப்பான். பனி கொஞ்சம், பின்னால் இழுத்துவரும் காற்றும் குளிரும்தான் தொல்லை. கொலராடோ தாழமுக்கம் ஆறுதலாக வரும், மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டு. அதுதான் பாதையை மூடும். இரண்டையும்விட எனக்குப் பயம் உறைமழையில். மேலே இளஞ்சூட்டுக் காற்று பனியை மழையாக உருக்கும், தரையோடு ஒட்டிய குளிர் அந்த மழையைக் கண்ணாடியாக்கும். 1998 ஜனவரியில் மொன்றியல் பக்கம் நாள்கணக்கில் அப்படிப் பெய்து, மின்கோபுரங்களே பனிக்கட்டிப் பாரத்தில் மடிந்து விழுந்தன. ஒரு பாகை கூடினால் வெறும் மழை, ஒரு பாகை குறைந்தால் வெறும் பனி. அந்த ஒரு பாகையைச் சரியாகச் சொல்ல இரண்டு நாள்கூட அதிகம்.

இதெல்லாம் ஒன்றுகூடும் இடம் சுப்பீரியர் ஏரிக்கரை. ஏரி என்றதும் குளத்தை நினைக்கக் கூடாது. பரப்பு 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைத் தூக்கி உள்ளே போட்டாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். வாடைக்காற்று வங்கக் கடலில் ஈரம் குடித்து வந்து எங்கள் தலையில் கொட்டுவதுபோல, வடமேல் காற்று அந்த ஏரியில் குடித்துக் கிழக்குக் கரையில் பனியாகக் கொட்டும். அதுவும் ஒடுங்கிய பட்டிகளாக. ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் லொறியின் மூக்கே தெரியாது. அந்தக் கரையில்தான் 17ஆம் இலக்கப் பாதை போகிறது. பல இடங்களில் போக ஒன்று, வர ஒன்று. நிபிகன் பக்கம் மாற்று வழியே கிடையாது. 2016 ஜனவரியில், புதிதாகத் திறந்த நிபிகன் ஆற்றுப் பாலத்தின் ஆணிகள் குளிருக்குள் அறுந்து, தளம் அரை மீற்றருக்கு மேல் எழும்பி நின்றது. கனடாவுக்குள் கிழக்கும் மேற்கும் பாதைத் தொடர்பு இல்லாமல் கிடந்தன.

கரையின் கிழக்கு மூலையில் இருக்கும் சிற்றூருக்கு வாவா என்று பெயர். ஓஜிப்வே மக்களின் மொழியில் காட்டுவாத்து. ஊர் வாசலில் உருக்கு வாத்து ஒன்று சிறகு விரித்து நிற்கிறது. சென்ற மாதம் ஒரு கொலராடோ தாழமுக்கத்தை முப்பது மணித்தியாலம் முன்பே பிடித்துவிட்டேன். "வாவாவுக்கு அப்பால் போகாதே" என்று எழுதினேன். அவன் அங்கே போய்ச் சேரவும் பொலிசார் பாதையை மூடவும் சரியாக இருந்தது. இருபத்தாறு மணித்தியாலம் லொறிக்குள்ளே கிடந்தான். பனி படிந்த வாத்தின் படத்தை அனுப்பி, "வா வா என்று கூப்பிட்டுவிட்டுப் படலையைப் பூட்டிவிட்டார்கள் அப்பா" என்று கீழே எழுதியிருந்தான்.

பாதை மூடுவது எனக்குப் புதிதல்ல. 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரால் மூடியபோது எப்போது திறக்கும் என்று சொல்ல எந்தப் பலூனும் இருக்கவில்லை. நாளை மதியம் திறக்கும் என்று நேரம் போட்டு அறிவிக்கும் மூடலைக் கண்டு என்னால் கோபப்பட முடியவில்லை.

இன்று எங்கள் பக்கம் விடியற்காலை 22 பாகை. மனைவி காது மூடும் தொப்பி போட்டுக்கொண்டு, தைப் பனி தரையைத் துளைக்கும் என்று முற்றம் கூட்டாமல் விறாந்தையிலேயே இருக்கிறாள். பனி என்று நாங்கள் சொல்வது வாழையிலையில் நிற்கும் ஈரம்.

மகன் வினிபெக்கிலிருந்து திரும்பி வருகிறான். இப்போது தண்டர் பேயில் தூங்குகிறான். பத்து மணிக் கணிப்பு வந்துவிட்டது. கிளிப்பர் ஒன்று போன பின்னால் காற்று வடமேலாகத் திரும்புகிறது. பட்டி எங்கே விழும் என்று இன்னும் தெளிவில்லை. இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்: "தம்பி, நிபிகன் வரை வழி நல்லது. மரதனில் டீசல் அடித்துக்கொண்டு எனக்கு அழை. வாவாவைப் பற்றி அப்போது சொல்கிறேன், விழித்திருப்பேன்."