உயில் இல்லாமல் வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க: செட்டில்மென்ட் பத்திரம்

சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு உயில் எழுதி வைத்தால், பிற்பாடு பிள்ளைகள் விற்கப் போகும்போது வாங்குபவரின் வக்கீல் முன்பெல்லாம் கேட்ட முதல் கேள்வி, “புரொபேட் (உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று) வாங்கியாச்சா?” 2025 டிசம்பரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனாலும் உயிலைக் கூடப் பிறந்தவர்களில் ஒருவர் ஆட்சேபித்தால் போதும், அது வழக்காகி ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் (விலை வாங்காமல் சொத்தை இப்போதே மாற்றித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டால் உயில் என்ற பேச்சே இல்லை.

செலவும் அதிகமில்லை. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய விகிதம் இது. அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு 60 லட்சமானாலும் இரண்டும் சேர்த்து 50,000தான். மருமகன், மருமகள் பெயருக்கு நேராக எழுதினால் இந்தச் சலுகை கிடைக்காது.

வில்லங்கமெல்லாம் வாசகத்தில்தான். “என் காலத்துக்குப் பிறகு நீ அடைந்துகொள்ள வேண்டியது” என்று ஒரு வரி விழுந்தால், தலைப்பில் செட்டில்மென்ட் என்று இருந்தாலும், பதிவே செய்திருந்தாலும், அதை உயில் என்று வாதாட இடம் உண்டு. பழைய மாதிரியைப் பார்த்து அடிக்கும் பத்திரங்களில் இந்த வரி அடிக்கடி தலைகாட்டும். உரிமை இன்றே மாறுகிறது, எழுதிக்கொடுப்பவர் சாகும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் மட்டும் உரிமை வைத்துக்கொள்கிறார் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

சொத்தைப் பெறுபவர் கொடுப்பவரின் ஆயுளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அவரும் கையெழுத்துப் போடட்டும், மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கட்டும், பட்டாவையும் சொத்து வரியையும் உடனே மாற்றட்டும். சாட்சிகள் இருவர் கட்டாயம்.

எழுதிக் கொடுத்தபின் மனம் மாறினால் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. அதனால் “பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனையைப் பெற்றோர் வெளிப்படையாகச் சேர்ப்பது நல்லது. அது இருந்தால், மகன் கைவிட்டாலும் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

வங்கிப் பணத்துக்கு நாமினி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், வாரிசுகள் பங்கு கேட்கலாம். கம்பெனி ஷேர்களுக்கும் இதே கதிதான் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை சதவீதம் பிரித்துப் போடலாம். லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவராகத்தான். ஆயுள் காப்பீடு மட்டும் விதிவிலக்கு: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சொந்தம்.